சர்க்கரைக்காக நடக்கப் போனவர்

சர்க்கரை நோய்க்காகக் காலையில் நடக்கப் போன ஃப்ரிட்ஜ் மெக்கானிக் ஒன்பது வருடமாகியும் வீடு திரும்பவில்லை. காணாமல் போனார் என்றும் சொல்ல முடியாது. ஊருக்கு வெளியே, தண்டவாளம் பிடுங்கப்பட்டுக் கிடந்த பழைய ரயில் பாதையில் யார் நடந்தாலும் அவர்களுக்கு ஒரு கூப்பிடு தூரம் முன்னால் அவர் நடந்துகொண்டிருந்தார். நீலக் கோடு போட்ட அரைக்கைச் சட்டை, முழங்காலில் தொங்கிப்போன சாம்பல் நிற பேன்ட், தோளில் தண்ணீர் பாட்டில் துருத்திக்கொண்டிருக்கும் துணிப்பை. போன அன்று என்ன உடுத்தியிருந்தாரோ அதுதான். நடப்பவர் வேகம் கூட்டினால் அவரும் கூட்டுவார், களைத்து உட்கார்ந்தால் அவரும் பாதை ஓரத்தில் உட்கார்ந்துகொள்வார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமலே ஒரு கையைத் தூக்கிக் காட்டுவார். அதற்கு ‘கேட்குது, கேட்குது’ என்று அர்த்தம் என ஊரார் எடுத்துக்கொண்டார்கள்.

முதல் வருடம் ஊர் சும்மா இருக்கவில்லை. ஓட்டப்பந்தயத்தில் கோப்பை வாங்கிய ஒருவர் விரட்டிப் பார்த்து மூச்சிரைத்துத் திரும்பினார். சைக்கிளில் போனார்கள், மோட்டார் சைக்கிளில் போனார்கள், கடைசியில் போலீஸ் ஜீப்பே போனது. ஜீப்புக்கு முன்னாலும் அவர் அதே கூப்பிடு தூரத்தில், ஓடாமல், சாதாரணமாக நடந்துதான் போனார் என்று டிரைவர் சொன்னார். யாருக்கோ யோசனை தோன்றி, பாதையின் இரண்டு முனைகளிலிருந்தும் ஆட்கள் ஒரே நேரத்தில் கிளம்பி நடுவில் மடக்குவது என்று முடிவானது. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு முன்னால் அவர் முதுகைக் காட்டிக்கொண்டு போனார், அந்தப் பக்கத்து ஆட்களுக்கு முன்னாலும் அப்படியே போனார். இரண்டு கூட்டமும் நடுவில் சந்தித்தபோது அங்கே அவர்களைத் தவிர யாரும் இல்லை. அத்தோடு விட்டுவிட்டார்கள். பாதையைச் சுற்றியிருந்த சதுப்பு நிலத்தை வனவிலங்குப் பகுதியாக அறிவித்து, ரயில் பாதையையும் அதற்குள்ளே சேர்த்து நடைபாதைகள் போட்ட வனத்துறை, வாசலில் பச்சைப் பலகை ஒன்று வைத்தது. ‘விலங்குகளுக்கு உணவு கொடுக்காதீர்கள். பறவைகளைக் கல்லால் அடிக்காதீர்கள். முன்னால் நடப்பவரை விரட்டாதீர்கள்.’

அவருக்கு நடைக்காரர் என்று பெயர் நிலைத்துவிட்டது. நடக்கச் சொன்ன டாக்டரைத்தான் ஊர் கொஞ்சநாள் கேலி செய்தது. “மாத்திரை மட்டும் போதாது, நடக்கணும், விடாம நடக்கணும்” என்று அழுத்திச் சொன்னவர் அவர். சொன்னால் கேட்கும் நோயாளி ஆயிரத்தில் ஒருவர், அந்த ஒருவரும் இப்படிக் கேட்டுத் தொலைத்தாரே என்று டாக்டர் நொந்துகொண்டார். அதன் பிறகு யாருக்கும் நடக்கச் சொல்லும்போது ‘போய்ட்டு வரணும்’ என்பதையும் சேர்த்துச் சொன்னார். போய்ச் சேர்ந்துவிட்டார் என்று சொல்லவும் ஊராருக்கு வாய் வரவில்லை. போனார், அது உண்மை. இன்னும் எங்கும் சேரவில்லையே. அதனால் அவர் மனைவியைத் தெருவில் பார்க்கும்போது துக்க முகம் காட்டுவதா, சும்மா முகம் காட்டுவதா என்று தெரியாமல் பலர் செருப்பு வாரை சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டார்கள்.

மனைவி கடைத்தெருவில் ஒரு கண்ணாடிக்கடையில் கண் பரிசோதிக்கும் வேலை பார்த்தாள். முதலாளியைவிட அவளுக்குத்தான் அங்கே பெயர், கண்ணாடிக்கடை அக்கா என்றால் எல்லோருக்கும் தெரியும். குறுகலான கடை. இரண்டு பக்கச் சுவரிலும் ஃப்ரேம்கள் மாட்டிய தட்டுகள், தட்டுகளுக்கு நடுவே முகம் பார்க்கும் கண்ணாடிகள். உள்ளே கறுப்புத் திரை போட்ட ஒரு சின்ன அறை, அதன் கோடியில் விளக்கு எரியும் எழுத்துப் பலகை. அக்கா ஒரு கண்ணை மூடச் சொல்லி, கனமான சோதனைக் கண்ணாடியை மூக்கில் மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, “இப்போ தெளிவா இருக்கா, முன்ன தெளிவா இருந்ததா?” என்று அலுக்காமல் கேட்பாள். ஆரம்பத்தில், நடைக்காரரைப் பார்த்ததாக யார் வந்து சொன்னாலும் அவர்களைக் கையோடு திரைக்குள் அழைத்துப்போய் நாற்காலியில் உட்கார வைத்துவிடுவாள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, பொடி எழுத்து என்று எல்லாவற்றையும் படிக்க வைப்பாள். ஒருத்தர் கண்ணிலும் கோளாறு இல்லை. சிலருக்குக் கிட்டப்பார்வை கொஞ்சம் இருந்தது, அவர்களுக்கு அவர் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தார், அவ்வளவுதான். கண்ணாடி போட்ட பிறகு போய்ப் பார்த்துவிட்டு, சட்டைக் கோடு இப்போது நன்றாகத் தெரிகிறது என்று நன்றி சொன்னார்கள்.

எல்லோரும் போனார்கள், அக்கா மட்டும் போகவில்லை. கல்யாணமான நாளிலிருந்தே அவர் பத்தடி முன்னால் நடக்கிற மனிதர். அவருக்கு நீளக் கால், இவளுக்குக் குட்டைக் கால். கல்யாணமான முதல் வாரம் சினிமாவுக்குக் கிளம்பியபோது, இவள் தியேட்டர் வாசலை எட்டுவதற்குள் அவர் உள்ளே போய் உட்கார்ந்து, கதாநாயகனுடைய அப்பா செத்துப்போகிற காட்சி வரை பார்த்துவிட்டு, கதையைச் சுருக்கமாக இவளுக்குச் சொன்னார். மகள் பிறந்து, வளர்ந்து, தூர தேசத்தில் வேலைக்குப் போகிற வரையில் இவள் பார்த்ததெல்லாம் அவர் முதுகைத்தான். முதுகின் எந்த இடத்தில் வியர்வை முதலில் படரும் என்பது இவளுக்குத் தெரியும். அப்படிப்பட்டவர் ஊரில் இருக்கிற எல்லாருக்கும் முன்னால் நடந்துகொண்டிருக்கிறார் என்று கேட்டபோது, அதில் தனக்கென்று என்ன இருக்கிறது என்று இவளுக்கு மனம் வெறுத்தது. வர வேண்டியவர் அவர், நான் எதற்குப் போக வேண்டும் என்று வீம்பாக இருந்துவிட்டாள். வீம்புக்கு அடியில் வேறொன்று இருந்தது, அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. எல்லோருக்கும் தெரிகிறவர், போய் நின்றால் தனக்கு மட்டும் தெரியாமல் போய்விட்டால் என்ன செய்வது?

நாத்தனார் அப்படி இல்லை. அண்ணன் மேல் உயிர். வாராவாரம் பாத்திரத்தில் சோறு கட்டிக்கொண்டு போய், பழைய ஸ்டேஷன் மேடையில் வைத்துவிட்டு, தூரத்து முதுகைப் பார்த்து வீட்டு விஷயம் எல்லாவற்றையும் கத்திச் சொல்லிவிட்டு வருவாள். அடுத்த வாரம் பாத்திரம் காலியாக இருக்கும். குரங்கு தின்கிறது என்றார் வனக்காவலர். குரங்கு பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து வைக்குமா என்று நாத்தனார் கேட்டாள்.

ஒன்பதாவது வருடம் கோடை முடியும் சமயத்தில் வனத்துறை ஒரு முடிவெடுத்தது. எங்கிருந்தோ வந்த ஒரு நாரைக் கூட்டம் பாதையின் மேலேயே கூடு கட்ட ஆரம்பித்திருந்தது. மழை தொடங்கியதும் பாதையை மூடிவிடுவார்கள், பிறகு மனிதர் யாரும் உள்ளே போக முடியாது. ஊருக்கு இதில் பெரிய வருத்தமில்லை, நடப்பதற்கு மைதானம் இருந்தது. நாத்தனார்தான் செய்தி கேட்ட அன்றே கண்ணாடிக்கடைக்கு வந்து, வாடிக்கையாளர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

“அண்ணி, கேட்டைச் சாத்தப் போறாங்களாம்.”

“கேள்விப்பட்டேன்.”

“கேள்விப்பட்டுட்டு கண்ணாடி தொடைச்சிட்டு இருக்கீங்க. யாருமே நடக்கலைன்னா அண்ணன் யாருக்கு முன்னால நடப்பாரு? அதை யோசிச்சீங்களா?”

அக்கா யோசித்திருக்கவில்லை. துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடியை எடுத்த இடத்தில் வைக்க மறந்து, தானே மாட்டிக்கொண்டாள். யாருடைய பவரோ, கடை முழுக்க வளைந்து தெரிந்தது.

“ஒரு தடவை போய்ட்டு வாங்க அண்ணி,” என்றாள் நாத்தனார், இந்த முறை குரலை இறக்கி. “உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன். நானும் கூட வரட்டுமா?”

“வேண்டாம். நான் தனியாப் போறேன்.”

மழைக்கு முந்திய கடைசி ஞாயிற்றுக்கிழமை, விடிந்ததும் அக்கா கிளம்பினாள். அவித்த முட்டை, ரொட்டி, வெள்ளரிக்காய், இரண்டு பாட்டில் தண்ணீர். மகள் அனுப்பி, பெட்டியிலேயே கிடந்த ரப்பர் அடி வைத்த ஷூவை அன்றுதான் முதலில் போட்டாள். அது அடியெடுக்கும்போதெல்லாம் வாத்துக்குஞ்சு போலக் கத்தியது. வாசலில் வனக்காவலர் கூண்டுக்குள் உட்கார்ந்து டீ ஆற்றிக்கொண்டிருந்தார். அவளை அடையாளம் தெரிந்து எழுந்து நின்றார். பழைய ஸ்டேஷன், அதற்கப்புறம் பாறையை வெட்டித் திறந்த வழியாக விட்ட குடைவு, அதற்கப்புறம் இரும்புப் பாலம், பாலம் தாண்டி இடது பக்கம் சதுப்பைச் சுற்றிவரும் வட்டப் பாதை என்று கையால் காற்றில் வரைந்து காட்டினார். “அந்த வட்டத்துல போனீங்கன்னா திரும்பவே வேண்டாம்மா. அதுவே சுத்திக் கொண்டுவந்து பாலத்துல விட்டுடும். இருட்டறதுக்குள்ள வந்துடுங்க.” 

பாதை இழுத்துப் பிடித்த நூல்போல நேராகக் கிடந்தது. இரண்டு பக்கமும் சரிவு, சரிவுக்குக் கீழே நாணல், நாணலுக்கு நடுவே வானத்தைத் துண்டு துண்டாகக் காட்டும் தண்ணீர். தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த கட்டைகளைப் பெயர்த்தெடுத்த இடமெல்லாம் விலா எலும்புபோல் குழிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றாக மிதித்தால் அடி குட்டையானது, ஒன்று விட்டு ஒன்று மிதித்தால் தாண்ட வேண்டியிருந்தது. மனிதக் கால் எதற்கும் சரிவராத அளவில்தான் ரயில்காரர்கள் அவற்றைப் போட்டிருந்தார்கள். அக்கா கண்ணைச் சுருக்கி முன்னால் பார்த்தாள். தன்னுடைய பார்வையைப் பற்றி அவளுக்குச் சந்தேகம் கிடையாது, வருடா வருடம் தானே பரிசோதித்துக்கொள்வாள். பாதை கண்ணுக்கெட்டிய தூரம்வரை தெரிந்தது. கூப்பிடு தூரத்தில் ஒரு சிக்னல் கம்பம், அதில் ஒரு கூடு, அதன் கீழே ஒரு ஆமை. ஆள் இல்லை.

கொஞ்சம் தள்ளிப்போனால் தெரிவார் என்று வேகமாக நடந்தாள். ஸ்டேஷன் வந்தது. கூரை இல்லை, பெயர்ப்பலகையில் பெயரும் இல்லை, பயணிகள் உட்காரும் சிமென்ட் பெஞ்சு மட்டும் ரயிலை எதிர்பார்த்தபடியே இருந்தது. மேடையில் நாத்தனார் வைத்துவிட்டுப் போன பாத்திரம், மூடி கழற்றாமல் அப்படியே இருந்தது.  இன்னும் வேகமாக நடந்தாள். குட்டைக் காலை எட்டிப்போட்டு, மூச்சை வாயால் இழுத்து, முப்பத்தைந்து வருடம் முன்பு தியேட்டருக்கு நடந்த நடையை நடந்தாள். பாதை ஓரத்துக் குட்டையில் நின்ற கொக்குகள் அவள் நெருங்கியதும் கலைந்து பறந்தன, அவள் தாண்டியதும் மறுபடி வந்து இறங்கின, இறங்கிய கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கலைந்து பறந்தன. எல்லாக் குட்டையிலும் இப்படியே நடந்தது. என்ன அவஸ்தையோ அதுகளுக்கு என்று நினைத்துக்கொண்டாள். ஒரு புள்ளிமான் புதரிலிருந்து தலையை நீட்டி, அவளைப் பார்த்துவிட்டு, பிறகு அவள் தோளுக்கு மேலாக வேறெதையோ பார்த்துக்கொண்டே நின்றது. பாறைக் குடைவுக்குள் போனபோது ஷூ போடுகிற சத்தம் சுவரில் மோதி இரட்டையாகக் கேட்டது.

குடைவின் நடுவில் நின்று, வேறு வழியில்லாமல், அவள் கூப்பிட்டாள்.

“ஏங்க!”

அவர் பெயரை அவள் சொன்னதில்லை. முப்பத்தைந்து வருடமாக அந்த மனிதருக்கு அவள் வாயில் அதுதான் பெயர். பாறை அதை ஒருமுறை திருப்பிச் சொன்னது. முன்னால் எந்தக் கையும் உயரவில்லை. ஊரில் கடன்காரன் கூப்பிட்டாலும் குடிகாரன் கூப்பிட்டாலும் தூக்குகிற கையை, தனக்குத் தூக்கவில்லை என்று அவளுக்குத் தெளிவாயிற்று. அழுகை வரவில்லை. தன் வீட்டு விசேஷத்துக்குத் தன்னை மட்டும் அழைக்காததுபோல முகம் காந்தியது. திரும்பிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் வெறும் பாதையைப் பார்த்துத் திரும்பினேன் என்று நாத்தனாரிடம் எந்த வாயால் சொல்வது? பாலம்வரை போவோம் என்று நடந்தாள்.

இரும்புப் பாலத்தின் மேல் உட்கார்ந்து, கம்பிகளுக்கு நடுவே காலைத் தொங்கவிட்டு, முட்டையை உரித்தாள். கீழே தண்ணீர் ஓடாமல் நின்றது. அதில் பாலம் தெரிந்தது, அவளுடைய ஷூ தெரிந்தது, குனிந்தபோது அவள் முகம் தெரிந்தது. பக்கத்திலும் பின்னாலும் வெயில்தான் தெரிந்தது. இரண்டு முட்டை கொண்டுவந்திருந்தாள். ஒன்றைத் தின்றுவிட்டு இன்னொன்றைத் தின்ன மனமில்லாமல் காகிதத்தில் சுற்றிப் பக்கத்தில் வைத்தாள். தண்ணீர் குடித்துவிட்டுப் பார்த்தபோது காகிதம் மட்டும்தான் இருந்தது. காக்கை என்று எண்ணிக்கொண்டாள்.

பாலம் தாண்டி வட்டப் பாதையில் திரும்பிய கொஞ்ச நேரத்தில், எதிரே ஒரு தம்பதி வந்தார்கள். ஓய்வு பெற்ற தபால்காரரும் அவர் மனைவியும். பறவை பார்ப்பதற்காக ஞாயிறு தவறாமல் வருகிறவர்கள், இருவர் கழுத்திலும் பைனாகுலர் தொங்கியது. இரண்டு பேருமே அவள் கடையில் கண்ணாடி வாங்கியவர்கள். தபால்காரர் அவளைப் பார்த்துச் சிரித்தார், பிறகு அவள் தலைக்கு மேலாகப் பார்த்து ஒரு வணக்கம் வைத்தார்.

“ரெண்டு பேரும் ஒண்ணா வந்தது ரொம்ப சந்தோஷம்மா,” என்றார்.

“எந்த ரெண்டு பேரு?”

தபால்காரர் மனைவியைப் பார்த்தார், மனைவி அவரைப் பார்த்தாள். “நடைக்காரர்தான். இன்னைக்கு எங்களுக்கு முன்னால அவரைக் காணோமேன்னு பேசிட்டே வந்தோம். இதோ, உங்களுக்குப் பின்னால வர்றாரு.”

அக்கா சட்டென்று திரும்பினாள். பாதை, நாணல், ஒரு தும்பி.

“இப்ப எங்க?”

“நீங்க திரும்பினீங்கல்ல, அவரும் சுத்தி அந்தப் பக்கம் போய்ட்டாரு. இப்ப எங்க பக்கத்துல நிக்கிறாரு.”

அவள் மறுபடி திரும்பினாள். மறுபடியும் தம்பதி மட்டும். தபால்காரரின் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “திரும்பாதீங்கம்மா, பாவம், ஓடி ஓடி வர்றாரு. குடைவுல நீங்க நின்னு கூப்பிட்டீங்க இல்ல? நாங்க மேட்டு மேல இருந்து பைனாகுலர்ல பார்த்தோம். அவரு பின்னால நின்னு கையைத் தூக்கினாரு. ரெண்டு கையையும் தூக்கி ஆட்டினாரு. இவங்க எதுக்கு முன்னால பார்த்துக் கூப்பிடறாங்கன்னு எங்களுக்குப் புரியலை.”

 அக்காவின் விரல்கள் தாமாகவே தபால்காரரின் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைத்து, மறுபடி மாட்டிவிட்டன. அவர் அதற்கு ஒத்துழைத்தார்.

“எப்படி இருக்காரு?” என்று கேட்டாள்.

தபால்காரர் அவள் பின்னால் பார்த்து, ஒரு தந்தியைப் படிப்பதுபோல நிதானமாகச் சொன்னார். “நல்லாத்தான் இருக்காரு. தலை நரைச்சிருக்கு. சட்டை நனைஞ்சு போச்சு. மூச்சு ரொம்ப வாங்குது.” பிறகு தயங்கிச் சேர்த்தார். “நீங்க கொஞ்சம் மெதுவா நடந்தா நல்லாருக்கும்மா.”

தம்பதி போன பிறகு அவள் தனியாக நின்றாள். அல்லது தனியாக இல்லை. எப்படி நிற்பது என்று அவளுக்குத் தெரியவில்லை, கையை எங்கே வைத்துக்கொள்வது என்றும் தெரியவில்லை. காதைக் கூர்மையாக்கிக் கேட்டாள். நாணல் உரசும் சத்தமும் ஏதோ நீர்க்கோழியின் சத்தமும் கேட்டன, மூச்சுச் சத்தம் கேட்கவில்லை. பிறகு நடக்க ஆரம்பித்தாள், மெதுவாக, சின்னச் சின்ன எட்டாக, காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்களைக் கூட்டிப்போகும்போது நடப்பதுபோல. தனக்குப் பின்னால் ஒருவர் வருவது என்பது அவளுக்குப் பழக்கமில்லாத விஷயம். வருகிறாரா, நின்றுவிட்டாரா, வேறு பாதையில் திரும்பிவிட்டாரா என்று ஒவ்வொரு அடிக்கும் உள்ளே கேட்டுக்கொண்டே இருந்தது. முன்னால் நடப்பவர்களுக்கு யாருமே தெரிவதில்லை என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. அவ்வளவு வருடமும் அந்த மனிதர் இவளுடைய செருப்புச் சத்தத்தை மட்டும் நம்பி நடந்திருக்கிறார்.

வட்டப் பாதையின் பாதியில் அவள் பேச ஆரம்பித்தாள். முதலில் திட்டினாள். ஒன்பது வருடத்துக்கும் சேர்த்து, சேமித்து வைத்திருந்ததையெல்லாம் திட்டினாள். ஊரில் இருக்கிற வேலையற்றதுக்கெல்லாம் துணைக்கு நடக்கத் தெரிந்தது, வீட்டுப் பக்கம் நடக்கத் தெரியவில்லையா என்று கேட்டாள். கேட்டு முடித்ததும் களைத்துப்போய் ஒரு மரத்தடியில், மரத்தைப் பார்த்தபடி, பின்பக்கம் இடம் விட்டு உட்கார்ந்தாள். பிறகு குரலை இறக்கி வீட்டு விஷயங்களைச் சொன்னாள். மகளுக்கு உத்தியோகம் உயர்ந்தது, அங்கே குளிர் அதிகம் என்று அழுதது, குளியலறைச் சுவரில் ஓதம் ஏறியது, அதை இவளே ஆள் வைத்துச் சரிசெய்தது. ஒரு விஷயத்தைச் சொல்லலாமா வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்தாள்.

“போன வருஷம் ஃப்ரிட்ஜ் கெட்டுப்போச்சு,” என்றாள். “வேற மெக்கானிக்கைத்தான் கூப்பிட்டேன். கோவிச்சுக்காதீங்க.”

பின்னால் என்ன நடந்தது என்று சொல்ல யாரும் இல்லை. சதுப்பில் வெயில் சாய்ந்திருந்தது. பாலத்துக்கு வந்தபோது காற்றில் மழை வாசனை இருந்தது. வட்டம் அவளைத் திரும்ப வைக்காமலே ரயில் பாதையில் கொண்டுவந்து விட்டுவிட்டது. குடைவில் நின்று இன்னொரு தடவை கூப்பிட்டுப் பார்க்கலாமா என்று தோன்றியது, பாவம், மறுபடி கையைத் தூக்க வைப்பானேன் என்று விட்டுவிட்டாள். ஸ்டேஷனில் நாத்தனாரின் பாத்திரத்தை எடுத்துக்கொண்டாள். கலைந்து எழுந்து அமர்ந்து மறுபடி கலையும் கொக்குகளை இப்போது அவள் காதால் எண்ணிக்கொண்டே நடந்தாள். தனக்காக எழும் சிறகுச் சத்தம் ஒன்று, கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. இரண்டாவது சத்தம் வரத் தாமதமானால் நின்றாள், வந்த பிறகு நடந்தாள்.

வாசலில் வனக்காவலர் சங்கிலியைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அவள் வெளியே வந்தாள். அவர் சங்கிலியைப் பூட்டாமல் இன்னும் கொஞ்சம் நேரம் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார், பிறகு பூட்டினார். “ரெண்டு பேரும் பார்த்துப் போங்க,” என்றார். அன்று இரவே மழை பிடித்துக்கொண்டது.

பாதையை நாரைகள் எடுத்துக்கொண்டன. ரோந்து போன காவலர்கள் அதன் பிறகு அங்கே யாரையும் பார்க்கவில்லை. ஊரில்தான் பார்த்தார்கள். காலையில் கண்ணாடிக்கடை அக்கா வேலைக்குப் போகும்போது பத்தடி பின்னால் நீலக் கோட்டுச் சட்டை வந்தது, மாலையில் வீடு திரும்பும்போதும் வந்தது. முதல் மாதம் ஜன்னல்கள் திறந்தன, இரண்டாம் மாதம் மூடிக்கொண்டன. கடை முதலாளி திரைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டார். பஸ்ஸில் நடத்துநர், அவள் ஏறிய பிறகு இன்னொரு ஆள் ஏறுகிற நேரம் காத்திருந்துவிட்டு விசில் கொடுத்தார். டாக்டர் தெருவில் அவளை நிறுத்தி, அவள் தோளுக்கு மேலாகப் பார்த்து, முகம் தெளிஞ்சிருக்கு, கால்ல புண் எதுவும் இல்லையே, செருப்பை மாத்தச் சொல்லுங்க என்று வைத்தியம் பார்த்தார். நாத்தனார் வாராவாரம் வந்து, அண்ணியைச் சுவர்போல நடுவில் உட்கார வைத்து, அண்ணனோடு பேசினாள், அண்ணியைப் பற்றிக் குறையும் சொன்னாள். அவர் பதில் பேசியதாக யாரும் சொல்லவில்லை. தலையாட்டுவார் என்றார்கள்.

அவரைப் பார்க்காத ஒரே ஆள் ஊரில் அக்காதான். கடையில் அத்தனை கண்ணாடிகள் இருந்தும் ஒன்றிலும் அவர் விழவில்லை. ஃப்ரேம் தட்டுகளும் தன் முகமும்தான் அவற்றில் தெரிந்தன. தெருவில் யாராவது சொல்வார்கள், கடையில் யாராவது சொல்வார்கள். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகு சொல்ல ஆளில்லை. அவள் கதவைச் சாத்துவதற்கு முன் கொஞ்சம் பொறுப்பாள், அவ்வளவுதான் அவளால் முடிந்தது. சாப்பாட்டு மேசையில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து, பின்னால் ஒரு நாற்காலியும் தட்டும் வைத்தாள். தட்டு சில நாள் காலியாகும், சில நாள் ஆகாது. மகள் ஒருமுறை விடுமுறையில் வந்தவள், பஸ் நிலையத்திலிருந்து அம்மாவுக்குப் பின்னால் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள்.  வாசலில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்பா முடி வெட்டணும்மா,” என்று மட்டும் சொன்னாள். இருந்த நாளில் அவளே வெட்டிவிட்டாள். அம்மாவை முன்னால் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு வெட்டினாள். கத்தரியின் சத்தம் மட்டும் அக்காவுக்குக் கேட்டது. பிறகு தரையைப் பெருக்கியபோது நரைமுடி இருந்தது. கொஞ்சத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் குப்பையில் போட்டாள்.

அதற்கும் பிந்திய ஒரு வருடம், பனிக் காலத்தில் அக்காவுக்குக் கடும் காய்ச்சல் வந்தது. எழுந்து நடக்க முடியவில்லை. மல்லாந்து படுத்து, கூரையைப் பார்த்துக்கொண்டு, உடம்பெல்லாம் நடுங்க, இரண்டு நாள் கிடந்தாள். யாராவது இருக்கிறார்களா என்று கேட்கவும் தெம்பில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் நாத்தனார் கஞ்சியோடு வந்தாள். அறை வாசலில் நின்றவள் கட்டிலைப் பார்த்துத் திகைத்துப்போனாள்.

“என்ன அண்ணி இது, இப்படிப் படுத்திருக்கீங்க?”

“ஏன், என்ன?”

“கொஞ்சம் ஒருக்களிச்சுப் படுங்க. அண்ணனுக்கு இடமே இல்லாம, பாவம், அடியில மாட்டிக்கிட்டு முழிக்கிறாரு.”

அக்கா சிரமப்பட்டுக் கையை ஊன்றி, கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்து, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். நாத்தனார் போர்வையை எடுத்து, இரண்டு பேருக்கும் எட்டுகிற மாதிரி அகலமாக விரித்துவிட்டு, கஞ்சியை ஆற்றப் போனாள்.